ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு பெட்டி போதாது

தமிழில் உலக வரலாறு எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், தேர்வுக் கையேடு தயாரிக்கிறவர்களுக்கும், வினாத்தாள் அமைக்கிறவர்களுக்கும் வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: வட மாநிலங்கள் அடிமை முறையை எதிர்த்தன, தென் மாநிலங்கள் ஆதரித்தன, லிங்கன் 1863இல் அடிமைகளை விடுவித்தார். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். அந்தக் காலத்து மனிதர் ஒருவரைக்கூட இதை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. குடியரசுத் தலைவராகவும் இருந்தவர், வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர் தாமஸ் ஜெபர்சன். அவரே, அது தீமை என்றே எழுதினார். அடிமை முறை எங்கள் மாநிலத்தில் கூடாது என்று வாக்களித்தவர்களே, கறுப்பர் யாரும் இங்கே கால் வைக்கவும் கூடாது என்று அதே நாளில் வாக்களித்தார்கள். இவர்களை எந்தப் பெட்டியில் போடுவது?

எங்கள் வேண்டுகோள் இதுதான். யாரைப் பற்றி எழுதினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அடிமை முறை சரியா, தவறா என்பது முதலாவது. நம் நூல்கள் இதோடு நின்றுவிடுகின்றன. தவறு என்றால் அதை யார், எப்போது, எந்தச் சட்டத்தைக் கொண்டு முடிப்பது, நட்ட ஈடு கொடுப்பதானால் யாருக்குக் கொடுப்பது என்பது இரண்டாவது. விடுதலையானவர் அதற்குப் பிறகு எங்கே, என்ன உரிமையோடு வாழ்வார் என்பது மூன்றாவது. அன்றைய அமெரிக்கர்கள் அதிகமாக மோதிக்கொண்டது பின்னிரண்டு கேள்விகளில்தான். கூடவே ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1820இல் ஒருவர் சொன்னதும் 1860இல் அவர் பேரன் சொன்னதும் ஒன்றல்ல.

மூன்றாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரிகன் போதும். 1857 நவம்பரில் அங்கே அரசியலமைப்புக்கான வாக்கெடுப்பு நடந்தது. அடிமை முறை வேண்டாம் என்றவர்கள் 7,727, வேண்டும் என்றவர்கள் 2,645. தனியாகக் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி, சுதந்திரமான கறுப்பர்கள் மாநிலத்துக்குள் வரலாமா என்பது. வரக் கூடாது என்றவர்கள் 8,640, வரலாம் என்றவர்கள் 1,081. அதாவது அடிமை முறையை எதிர்த்தவர்களைவிடக் கறுப்பர்களை எதிர்த்தவர்கள் அதிகம். அந்தத் தடைப் பிரிவு ஒரிகன் அரசியலமைப்பிலிருந்து நீங்கியது 1926இல். இண்டியானா 1851இலேயே இதே தடையை எழுதிவைத்திருந்தது. லிங்கனின் சொந்த மாநிலமான இல்லினாய், 1853இல் ஒரு சட்டம் போட்டது. வெளியிலிருந்து வந்து பத்து நாளுக்கு மேல் தங்கும் கறுப்பருக்கு 50 டாலர் அபராதம். கட்ட முடியாதவரின் உழைப்பை ஏலம் விட்டார்கள். மிகக் குறைந்த நாள் வேலை வாங்கிக்கொண்டு அபராதத்தைக் கட்ட யார் முன்வந்தாரோ, அவரிடம் ஒப்படைத்தார்கள். அடிமை முறை இல்லாத மாநிலத்தில்தான் இது நடந்தது.

வடக்கு அடிமை முறையை ஒரே நாளில் ஒழித்ததாகவும் எழுதிவிடுகிறோம். பென்சில்வேனியாவின் 1780 சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். அது வெளிவந்த நாளில் அடிமையாகப் பதிவாகியிருந்த ஒருவரைக்கூட அது விடுவிக்கவில்லை. அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தைதான் சுதந்திரம் பெறும், அதுவும் தாயின் உடைமையாளரிடம் 28 வயது வரை வேலை செய்த பிறகு. நியூயார்க்கின் 1799 சட்டம் ஆணுக்கு 28, பெண்ணுக்கு 25 என்றது. 1817இல் இன்னொரு சட்டம் வந்து, 1827 ஜூலை 4ஆம் தேதியோடு முடித்துவைத்தது. நியூஜெர்சியின் 1804 சட்டத்தில் 25, 21. கணக்கைப் பாருங்கள்: உடைமையாளருக்கு நட்டம் வராதபடி அந்தத் தொகையைக் குழந்தையின் இளமைதான் கட்டியது. இடையில் குறிப்பிட்ட வயது வருமுன் தெற்கே கொண்டுபோய் விற்றுவிடுகிற தில்லுமுல்லும் நடந்தது. தடுக்கச் சட்டங்கள் இருந்தும் நடந்தது. நியூஜெர்சி 1846இல் அடிமைகளுக்கு ‘வாழ்நாள் பயிற்சியாளர்’ என்று பெயரை மாற்றியது. 1860 கணக்கெடுப்பில் அங்கே இன்னும் 18 பேர் அப்படி இருந்தார்கள்.

அடுத்து, நம் நூல்களில் பெயர்கூட அடிபடாத ஒரு கூட்டம். 1816 டிசம்பரில் தொடங்கிய அமெரிக்கக் குடியமர்த்தல் சங்கம், விடுதலையான கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதே வழி என்றது. ஹென்றி கிளே போன்ற பெரிய அரசியல்வாதிகள் அதன் தூண்கள். அடிமை முறை மெல்ல ஓயட்டும் என்று விரும்பிய பாதிரிகளும் அதில் இருந்தார்கள். சுதந்திரக் கறுப்பர்கள் பக்கத்தில் இருந்தால் தன் அடிமைகள் கெட்டுப்போவார்கள் என்று பயந்த தோட்ட முதலாளிகளும் இருந்தார்கள். லைபீரியா என்ற நாடு பிறந்தது இவர்களால்தான்; 1847இல் அது சுதந்திரம் அறிவித்தது. உள்நாட்டுப் போருக்கு முன்பு சங்கம் அனுப்பிய ஆட்கள் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர்தான் இருக்கும். நாட்டில் அடிமைப்பட்டிருந்தவர்கள் 1860இல் 39 லட்சத்து 53 ஆயிரம் பேர். தேரை இழுக்க நூலைக் கட்டிய கதை.

அனுப்பப்பட வேண்டியவர்கள் என்ன சொன்னார்கள்? 1817 ஜனவரியில் பிலடெல்பியாவின் பெத்தேல் தேவாலயத்தில் ஏறத்தாழ 3,000 கறுப்பர்கள் கூடினார்கள். பாய்மரத் தொழிலில் செல்வந்தரான ஜேம்ஸ் போர்ட்டன், அந்தத் தேவாலயத்தை நிறுவிய ரிச்சர்ட் ஆலன் போன்ற தலைவர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஓரளவு நாட்டம் இருந்தது. கூட்டம் ஒரே குரலில் மறுத்துவிட்டது. தலைவர்கள் கூட்டத்தின் பின்னால் போனார்கள். நாங்கள் இந்த நாட்டில் பிறந்தவர்கள், அடிமைப்பட்டிருக்கும் எங்கள் சொந்தங்களை விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்பதே அவர்கள் நிலை. 1850களில் மார்ட்டின் டிலானி போன்ற கறுப்பர்களே, இந்த நாட்டில் நமக்கு நீதி கிடைக்காது, வெளியேறிக் குடியேறுவோம் என்று வாதிட்டதும் உண்டு. ஆகவே ‘கறுப்பர்களின் கருத்து’ என்று ஒருமையில் எழுதாதீர்கள்.

உடனடியாக, நட்ட ஈடில்லாமல், இந்த மண்ணிலேயே சம உரிமையோடு விடுதலை என்று மூன்று கேள்விக்கும் முழுப் பதில் சொன்னவர்கள் வடக்கிலும் மிகச் சிறுபான்மை. 1831 ஜனவரி 1ஆம் தேதி பாஸ்டனில் தன் வார இதழைத் தொடங்கிய வில்லியம் லாயிட் கேரிசன் அவர்களில் பேர்போனவர். அந்த இதழின் தொடக்ககாலச் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள் என்பதை ஏனோ எழுத மறந்துவிடுகிறோம். அவருக்கு முன்பே, 1829இல், பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர் என்ற கறுப்பர், எதிர்த்து எழச் சொல்லி ஒரு சிறு நூல் அச்சிட்டார். மாலுமிகளின் உடைக்குள் வைத்துத் தைத்து அதைத் தெற்கே அனுப்பினார்கள் என்பார்கள்.

இந்தச் சிறுபான்மையை வடக்கு எப்படி நடத்தியது? 1837 நவம்பர் 7ஆம் தேதி இல்லினாயின் ஆல்ட்டன் ஊரில் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியரைக் கும்பல் சுட்டுக் கொன்றது; அச்சு இயந்திரத்தை ஆற்றில் வீசியது. அடுத்த மே மாதம், அடிமை முறை எதிர்ப்பாளர்கள் பிலடெல்பியாவில் கட்டிய பெரிய மண்டபம் திறந்து மூன்றே நாளில் கொளுத்தப்பட்டது. பருத்தியை வாங்கி நெய்த ஆலைகள், ஏற்றுமதி செய்த கப்பல்காரர்கள், கடன் கொடுத்த வங்கிகள் எல்லாம் வடக்கில்தானே இருந்தன. 1861 ஜனவரியில் நியூயார்க் மேயர் பெர்னாண்டோ வுட், தெற்கோடு வியாபாரம் கெடாமல் இருக்க நகரமே தனியாகப் பிரிந்துவிடலாமே என்று யோசனை சொன்னார்.

எதிர்ப்பாளர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. 1840இல் அவர்களுடைய அமெரிக்க அடிமை முறை எதிர்ப்புச் சங்கம் இரண்டாக உடைந்தது. பெண்களுக்குப் பொறுப்பு கொடுப்பதா, தேர்தலில் இறங்குவதா என்பவைதான் தகராறு. அரசியலமைப்பே அடிமைகாரர்களோடு செய்த ஒப்பந்தம், எனவே வாக்களிப்பதும் பாவம், வடக்கு இந்த ஒன்றியத்திலிருந்து பிரிய வேண்டும் என்பது கேரிசன் கட்சி. 1854 ஜூலை 4ஆம் தேதி கூட்டத்தின் நடுவே அரசியலமைப்பின் பிரதியைக் கொளுத்தினார். பிரிவினை என்றால் தெற்கு மட்டும்தான் பேசியது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து, அவரிடம் பேச்சாளராகப் பழகிய பிரெடரிக் டக்ளஸ், 1851இல் வெளிப்படையாகப் பிரிந்தார். அரசியலமைப்பைச் சரியாகப் படித்தால் அது விடுதலைக்கான ஆயுதம், வாக்குச்சீட்டை ஏன் எதிரிக்கு விட வேண்டும் என்றார். புறக்கணிப்பா, பங்கேற்பா என்ற இந்தச் சண்டையைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டாம்.

இன்னொரு பக்கம், மண்ணுக்காக எதிர்த்தவர்கள். மெக்சிகோவிடமிருந்து வரும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று 1846இல் தீர்மானம் கொண்டுவந்த டேவிட் வில்மாட், அடிமைகள் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை, வெள்ளை உழைப்பாளியின் உரிமைக்காகச் சொல்கிறேன் என்று தானே விளக்கினார். கூலி இல்லாமல் வேலை செய்யும் அடிமையோடு கூலிக்காரன் போட்டி போட முடியாது என்பது சாரம். உடனடி ஒழிப்பைக் கேட்ட சுதந்திரக் கட்சி 1844இல் வாங்கிய வாக்கு 62 ஆயிரம். புது நிலத்துக்குள் மட்டும் விடாதே என்ற அடிமையில்லா நிலக் கட்சி (Free Soil Party) 1848இல் வாங்கியது 2 லட்சத்து 91 ஆயிரம். எந்தப் பதில் விலைபோனது என்பதை இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடும். 1854இல் பிறந்த குடியரசுக் கட்சி இந்தப் பெரிய ஓடையிலிருந்து வந்தது.

இனி தெற்கு. அங்கேயும் ஆரம்பத்தில் எல்லோரும் அடிமை முறையைப் புகழவில்லை. 1820இல் ஜெபர்சன், ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம், பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை, பயமில்லாமல் விடவும் முடியவில்லை என்று எழுதினார். நாம் சொல்லும் புலிவால்தான். வேண்டாத தீமை, ஆனால் வழியில்லை என்ற இந்தப் பேச்சு 1830கள் வரை ஓடியது. 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் கிளர்ச்சி. வெள்ளையர் 50 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். பதிலுக்குக் கறுப்பர்கள் கண்மூடித்தனமாகக் கொல்லப்பட்டனர். அந்த அதிர்ச்சியில் வர்ஜீனியா சட்டமன்றம் 1832 ஜனவரியில் அடிமை முறையை முடிக்கலாமா என்றே விவாதித்தது. ஜெபர்சனின் பேரன் தாமஸ் ஜெபர்சன் ராண்டால்ப் ஒரு திட்டம் வைத்தார்: 1840 ஜூலை 4 முதல் பிறக்கும் குழந்தைகள், ஆண் 21 வயதிலும் பெண் 18 வயதிலும் அரசின் உடைமையாவார்கள், அவர்களை வேலைக்கு விட்டு, கிடைக்கும் கூலியில் கப்பல் கட்டணம் சேர்த்து நாட்டுக்கு வெளியே அனுப்புவது. இப்போதைக்கு எந்த நடவடிக்கையும் உகந்ததல்ல என்று 73க்கு 58 என்ற கணக்கில் முடிந்தது. பேச்சில் அடிபட்டது பெரும்பாலும் வெள்ளையரின் பயமும் பொருளாதாரமும். அடிமைகளின் உரிமை ஓரத்தில்தான் நின்றது.

அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. 1837 பிப்ரவரி 6ஆம் தேதி செனட் சபையில் ஜான் சி. கல்கூன், இது தீமையே அல்ல, நன்மை என்று முழங்கினார். 1858இல் ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட், எந்தச் சமூகத்துக்கும் அடியில் மிதிபடும் ஒரு வகுப்பு தேவை என்றார்; வீட்டுச் சுவரின் அடிக்கட்டையை உவமை சொன்னார். ஜார்ஜ் பிட்ஸ்ஹியூ ஒரு படி மேலே போய், வடக்கின் ஆலைக் கூலியைவிட அடிமையின் வாழ்க்கை மேல், இந்த ஏற்பாடு கறுப்பர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றார். லூசியானாவில் இருந்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பியோடுவது ஒரு நோய் என்று 1851இல் அதற்குக் கிரேக்கப் பெயரும் சூட்டினார். மருந்தாக அவர் சொன்னவற்றில் சவுக்கும் ஒன்று.

மனம் மாறியதற்குக் காரணம் தத்துவம் மட்டுமல்ல. 1793இல் எலி விட்னி செய்த, பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரம், விதை ஒட்டிக்கொள்ளும் குட்டை இழைப் பருத்தியையும் லாபமாக்கியது. 1808 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது சட்டப்படி நின்றது. தேவை ஏறி, வரத்து நின்றால் விலை என்ன ஆகும்? புகையிலை மண் களைத்துப்போன வர்ஜீனியாவும் மேரிலாந்தும் மனிதர்களைத் தெற்கே விற்கத் தொடங்கின. 1790க்கும் 1860க்கும் இடையே இப்படி இடம்பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். இறக்குமதித் தடையை வர்ஜீனியாவின் பெரும்புள்ளிகள் ஆதரித்ததை மனிதநேயம் என்று எழுதுமுன் இந்த விலைக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்.

எண்களில் ஒரு பொறியும் உண்டு. ‘அமெரிக்கர்களில் ஒன்றேகால் விழுக்காட்டினர்தான் அடிமை வைத்திருந்தனர்’ என்ற வரி இணையத்திலிருந்து தமிழுக்கும் வந்துவிட்டது. சுமார் 3.9 லட்சம் உடைமையாளர்களை, 3 கோடியே 14 லட்சம் என்ற நாட்டின் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் அப்படித்தான் வரும். வகுக்கும் எண்ணில் வடக்கு மாநிலங்கள் இருக்கின்றன, கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், அடிமைகளே இருக்கிறார்கள்! குடும்பத் தலைவர் பெயரில்தான் உடைமை பதிவாகும் என்பதால் குடும்பங்களைத்தான் எண்ண வேண்டும். அடிமை முறை இருந்த 15 மாநிலங்களிலும் சேர்த்துச் சுதந்திரக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் கிட்டத்தட்ட பாதி. ஜனவரி முதல் நாளில் ஆண்டு வாடகைக்கு அடிமையை எடுத்தவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

‘கறுப்பர்களும் அடிமை வைத்திருந்தார்கள்’ என்ற வரிக்கும் அடிக்குறிப்பு தேவை. 1830 கணக்கெடுப்பில் அப்படிச் சுமார் 3,700 பேர் தெரிகிறார்கள். லாபத்துக்காக வைத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் வர்ஜீனியாவின் 1806 சட்டப்படி விடுவிக்கப்பட்டவர் பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். காசு சேர்த்து மனைவியை விலைக்கு வாங்கிய கணவன், அவளைக் கூடவே வைத்திருக்க வேண்டுமானால் காகிதத்தில் அவளுக்கு உடைமையாளனாகவே நீடிக்க வேண்டியிருந்தது. எண் ஒன்றுதான், உள்ளே இருப்பது இரண்டு.

அடிமை இல்லாத ஏழை வெள்ளையர் ஏன் உடன்போனார்கள்? வாடகை, சொந்தபந்தம், நாளை நாமும் வாங்கலாம் என்ற ஆசை, எவ்வளவு தாழ்ந்தாலும் நமக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதி. அந்தக் கடைசிக் காரணத்தை நம்மூர் வாசகருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒத்துப்போகாதவரும் இருந்தார்: வட கரோலினாவின் ஹிண்டன் ஹெல்ப்பர், அடிமை முறை ஏழை வெள்ளையனைக் கெடுக்கிறது என்று 1857இல் எழுதினார். அவரே கறுப்பர்களைக் கடுமையாக வெறுத்தவர். மூன்றாவது கேள்வி இல்லாமல் இவரைப் புரிந்துகொள்ளவே முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘மாநில உரிமைக்காகத் தெற்கு போரிட்டது’ என்ற வாதம் தமிழில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் மாநில உரிமை என்ற சொல்லுக்கு நம்மிடம் நல்ல பெயர். ஆனால் 1850ஆம் ஆண்டின் தப்பியோடியோர் சட்டத்தைப் பாருங்கள். அது தெற்கு கேட்டு வாங்கிய மத்தியச் சட்டம். பிடிபட்டவருக்கு நடுவர் குழு விசாரணை கிடையாது, அவர் சாட்சியம் செல்லாது. அவரைத் திருப்பி அனுப்பினால் வழக்கைத் தீர்க்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். தப்ப உதவியவருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதை எதிர்த்து மாநில உரிமை பேசியது வடக்கின் விஸ்கான்சின். 1859இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தபோது வெளியிட்ட காரணப் பட்டியலில், நியூயார்க் தன் மண்ணில் அடிமையை அழைத்துச் செல்லக்கூட விடவில்லை என்ற புகார் இருக்கிறது. அதாவது குறை, வடக்கு மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தின என்பதுதான். மிசிசிப்பியின் அறிக்கை எடுத்த எடுப்பிலேயே தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாக ஒன்றியது என்கிறது. இந்த அறிக்கைகள் சில பக்கங்கள்தான். மேற்கோள் தேடுகிறவர்கள் பிற்காலத் தளபதிகளின் நினைவுக்குறிப்புகளுக்குப் போகாமல் இவற்றை முதலில் படியுங்கள்.

ஐந்தில் மூன்று பங்குக் கணக்கும் தலைகீழாகவே எழுதப்படுகிறது. 1787 அரசியலமைப்பு நூறு அடிமைகளை அறுபது என்று எண்ணியது, வாக்குரிமை கொடுக்க அல்ல. நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போட. முழுசாக நூறையும் எண்ணு என்றது அடிமைகாரர்கள்தான். ஒன்றையும் எண்ணாதே என்றது எதிர்த்தரப்பு. ‘ஐந்தில் மூன்று மனிதன்’ என்று உருக்கமாக எழுதும்போது, பின்னம் பெரிதாகியிருந்தால் அடிமைகாரர்களுக்குத்தான் லாபம் என்ற உண்மை மறைந்துவிடுகிறது.

வேதாகம வாதத்தைச் சுருக்கமாகத் தொடலாம், ஏனெனில் தமிழ் வேதாகமத்திலேயே சரிபார்க்க முடியும். ஆதரித்தவர்கள் காட்டியது ஆதியாகமம் 9இல் நோவாவின் சாபம், பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம். நோவாவின் மகன் காமின் சாபம் என்று பெயர். சாபம் விழுந்ததோ காமின் மகன் கானான் மேல். எதிர்த்தவர்கள் ஆளைத் திருடி விற்பவனுக்கு மரணம் என்ற யாத்திராகமம் 21:16ஐயும், தப்பி வந்தவனை எஜமானிடம் ஒப்படைக்காதே என்ற உபாகமம் 23:15ஐயும் காட்டினார்கள். மெதடிஸ்டுகள் 1844இலும் பாப்டிஸ்டுகள் 1845இலும் இதனால் இரண்டானார்கள். இதில் நமக்கும் ஒரு நூல் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பள்ளிகள் நடத்திய அமெரிக்க மிஷனுக்கு ஆள் அனுப்பிய பாஸ்டன் தலைமைச் சங்கம், செரோக்கி, சோக்தா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடையே தான் நடத்திய சபைகளில் அடிமைகாரர்களையும் உறுப்பினராக வைத்திருந்தது. அதை விலக்க மறுத்ததால் எதிர்ப்பாளர்கள் 1846இல் தனி மிஷன் தொடங்கினார்கள். மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்க்கலாம்.

அடிமைப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்ற சாக்கு செல்லாது. தப்பி வந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகள் இருக்கின்றன. 1861 மே மாதம் மூன்று பேர் வர்ஜீனியாவில் படகேறி, வடக்கு ராணுவத்தின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். தளபதி பட்லர் திருப்பித் தர மறுத்தார். அவர்கள் பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வாஷிங்டன் கொள்கை வகுக்குமுன் கால்கள் வகுத்த கொள்கை அது. 1936 முதல் 1938 வரை அரசு எடுத்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நேர்காணல்களும் உண்டு, ஆனால் அவற்றைக் கவனமாகக் கையாள வேண்டும். பேசியவர்கள் பெரும்பாலும் எண்பதைத் தாண்டியவர்கள், அடிமைக் காலத்தில் சிறு பிள்ளைகள். கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர், சில இடங்களில் பழைய உடைமையாளரின் உறவினர். பொருளாதாரப் பெருமந்தக் காலம் வேறு. ‘எங்கள் எஜமான் நல்லவர்’ என்ற வரி வந்தால், கேட்டது யார் என்று பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.

கடைசியாக லிங்கன். அவரைத் தெய்வமாக்குவதற்கும் வேடதாரி என்று கிழிப்பதற்கும் தேதி இல்லாத மேற்கோள் ஒன்று போதும், இரண்டும் தமிழில் நடக்கின்றன. 1858 செப்டம்பரில் இல்லினாயின் சார்ல்ஸ்டன் ஊரில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் வேண்டும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை என்றார். 1861 மார்ச்சில் பதவியேற்றபோது, மாநிலங்களில் உள்ள அடிமை முறையைத் தொடக் கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்துக்குக்கூட ஆட்சேபமில்லை என்றார். 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் இருந்த அடிமைகளை விடுவிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் நட்ட ஈடு ஆளுக்கு 300 டாலர் வரை, உடைமையாளருக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் கறுப்பர் குழு ஒன்றை அழைத்து, நீங்கள் வேறு நாட்டில் குடியேறுவது நல்லது என்றார். 1865 ஏப்ரல் 11ஆம் தேதி, படித்த கறுப்பர்களுக்கும் போர் வீரர்களுக்கும் வாக்குரிமை தரலாம் என்று பொதுக்கூட்டத்தில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஜான் வில்க்ஸ் பூத் மூன்றாம் நாள் அவரைச் சுட்டான். முதல் கேள்விக்கு அவர் பதில் மாறவே இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் மாறிக்கொண்டே வந்தன. இடையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் ராணுவச் சீருடை அணிந்திருந்தார்கள் என்பதும் அந்த மாற்றத்தில் சேர்த்தி.

1863 ஜனவரி 1 பிரகடனம் நாடு முழுவதையும் விடுவிக்கவில்லை. ஒன்றியத்தில் தங்கிய டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி, ராணுவம் ஏற்கெனவே பிடித்திருந்த டென்னசி, லூசியானாவின் சில பகுதிகள் எல்லாம் விலக்கு. காரணம், போர்க்காலத் தலைமைத் தளபதி என்ற அதிகாரத்தை எதிரி நிலத்தில் மட்டுமே பயன்படுத்த முடியும். அதற்காக யாரையும் விடுவிக்கவில்லை என்று எழுதுவதும் பிழை. தென் கரோலினாவின் கடலோரத் தீவுகள் போன்ற இடங்களில் அன்றே பல்லாயிரம் பேர் சட்டப்படி விடுதலையானார்கள். நாடு முழுக்க முடிந்தது 1865 டிசம்பர் 6ஆம் தேதி, 13ஆம் திருத்தத்தோடு. கென்டக்கி அதை ஏற்று ஒப்புதல் தந்தது 1976இல்.

சொற்களைப் பற்றிச் சில. அடிமை முறை எதிர்ப்பாளர், உடனடி ஒழிப்பாளர் என்று இரண்டு சொல் வையுங்கள். லிங்கன் 1860இல் முன்னவர், பின்னவர் அல்லர். 1848 கட்சியைச் ‘சுதந்திர மண் கட்சி’ என்று பெயர்த்தால் விடுதலைப் போராட்ட வாசனை வருகிறது. அடிமையில்லா நிலக் கட்சி என்றால் குழப்பமில்லை. குடியமர்த்தல் சங்கத்தைக் ‘குடியேற்றச் சங்கம்’ என்றால் இலங்கைத் தமிழருக்கு வேறு நினைவு வரும். பெயர்களில் இன்னொரு சிக்கல்: அடிமையாகப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸுக்கும், லிங்கனோடு 1858இல் ஏழு ஊர்களில் மேடையேறிய செனட்டர் ஸ்டீபன் டக்ளஸுக்கும் ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் எழுத்து வித்தியாசம் (Douglass, Douglas), தமிழில் இரண்டும் ஒன்று. பிரீபோர்ட் மேடையில் செனட்டர், பிரெடரிக்கின் பெயரைச் சொல்லியே வெள்ளையரின் வெறுப்பைத் தூண்டினார். முதற்பெயர் இல்லாமல் இதை மொழிபெயர்த்தால், டக்ளஸ் தன்னைத்தானே திட்டிக்கொள்வதாக அச்சாகும். அடுத்த பதிப்பில் வேறு எதைத் திருத்தாவிட்டாலும் அந்த இருவரையும் பிரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்க வரலாற்றைத் தமிழில் படிக்கவும் படிப்பிக்கவும் விரும்பும் சிலர்